முப்பத்தைந்து ஆண்டு கல் இல்லாத கல்லறை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். ஃபிலடெல்ஃபியாவில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றே உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். அந்த நகரத்தின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில், பாடகியும் கிட்டார் கலைஞருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப் அடக்கமாகியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், என் சார்பில் பூ வைத்துவிட்டு வா.

ராக் அண்ட் ரோல் என்ற துள்ளலிசை என்றாலே எல்விஸ் பிரெஸ்லியும் சக் பெர்ரியும்தான் என்று உன் சிறுவயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர்களுக்கு முன்னால் நின்ற இந்த ரொசெட்டாவை நானே வெகுநாள் அறியாமல் இருந்தேன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் 1915-இல் பிறந்த அவர், மாண்டலின் வாசித்தபடி நற்செய்தி சொன்ன தாயோடு ஊர் ஊராகச் சென்று, சிறுமியாக இருந்தபோதே தேவாலயங்களில் கிட்டார் வாசித்துப் பாடினார். 1938-இல் டெக்கா நிறுவனத்துக்கு இசைத்தட்டுகள் பாடித் தந்தார். அதே ஆண்டில் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதி மேடையிலும் பாடியதால் சபையார் பலர் மனம் கசந்தார்கள். 1944-இல் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ பாடலைக் கேள். சாமி பிரைஸின் பியானோ உருண்டோட, அதன்மேல் அவருடைய மின்கிட்டார் துள்ளி வரும். பத்தாண்டுகள் கழித்து இளைஞர்களை ஆடவைத்த துடிப்பு அதில் அப்படியே இருக்கிறது. எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954-இல்தான் வந்தது. 1947-இல், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்டைப் பதினான்கு வயதில் தன் மேடையில் பாடவைத்தவரும் இவர்தான்.

1964-இல் இங்கிலாந்தில், மான்செஸ்டரின் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் தொலைக்காட்சிக்காக எடுத்த காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்க நடைமேடையில் இளைஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மழை பெய்து எங்கும் ஈரம். குதிரை வண்டியிலிருந்து இறங்கி வருகிற ரொசெட்டா, குளிர்கால மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வெள்ளை மின்கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாடலையே எடுக்கிறார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பாட்டின் நடுவே தனியாகக் கிட்டார் வாசிக்கும் இடத்தில் அந்த விரல்களைக் கவனித்துப் பார்.

1973 அக்டோபரில் அவர் காலமானார். அவருடைய கல்லறைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பெயர் பொறித்த கல் இல்லை. 2008 ஜனவரியில் அன்பர்கள் இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிய பிறகே கல் நடப்பட்டது. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல். இவ்வளவு பெரிய கலைஞருக்கு இவ்வளவு தாமதமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கல்லில் எழுதியிருப்பதை நின்று முழுவதும் வாசித்து, எனக்கு எழுதி அனுப்பு. புறப்படுவதற்கு முன் அந்த 1944-ஆம் ஆண்டுப் பாடலை ஒருமுறை கேட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா