சேஸிஸ் எண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இத்தாலியப் பந்தயக் காரான ஃபெராரி 250 ஜிடிஓவைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் விலை நான்கு இடங்களில் வருகிறது. வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் எண் ஓரிடத்தில்கூட இல்லை. இந்த வண்டியை எண் இல்லாமல் எழுதுவது, சர்வே எண் போடாமல் நிலத்துக்குப் பத்திரம் எழுதுவது மாதிரி.

முதலில் எண்ணிக்கை. ஒரு பத்தியில் 36 என்கிறீர்கள், பெட்டிச் செய்தியில் 39 என்கிறீர்கள். இரண்டும் தப்பில்லை. 1962 முதல் 1964 வரை 3 லிட்டர் இன்ஜினோடு வந்தவை 36. அதே வடிவில் 4 லிட்டர் இன்ஜின் வைத்த மூன்றையும் சேர்த்தால் 39. பந்தய விதிப்படி ஜிடி பிரிவுக்கு 100 வண்டி செய்திருக்க வேண்டும். இது புது வண்டியே அல்ல, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்த பழைய 250 ஜிடி வண்டியின் அடுத்த வளர்ச்சிதான் என்று சொல்லி ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டது. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் ஒவ்வொரு வண்டிக்கும் தனி ஜாதகம் எழுத முடிகிறது.

3851ஜிடி என்ற எண்ணைப் பாருங்கள். 1962 செப்டம்பரில் பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெஸரிடம் போனது. அவரும் ஆன்ரி ஒரெயேவும் அதே மாதம் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தில் இரண்டாமிடம் பிடித்தார்கள். ஒரெயே 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அக்டோபரில் பாரிஸ் அருகே மோன்லேரியில் இதே வண்டி விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். வண்டியைச் சரிசெய்து இத்தாலியில் விற்றார்கள். பாவ்லோ கொலம்போ, எர்னெஸ்தோ பிரினோத் என்று கைமாறி, 1965இல் ஃபாப்ரிட்சியோ வியோலாத்தியிடம் வந்தது. 2010இல் இறக்கும்வரை அவர் விற்கவில்லை. 2014இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 3.81 கோடி டாலர். நொறுங்கிய வண்டி என்பதால் மதிப்பு குறையவில்லை. நொறுங்கியது எப்போது, சரிசெய்தது யார், பிறகு யார் யாரிடம் இருந்தது என்பதில் இடைவெளியே இல்லாததால்தான் அந்த விலை.

3413ஜிடி இன்னும் சுவாரசியமானது. 1962இல் ஒரு பாடியோடு வந்தது. 1964இல் ஃபெராரிக்குப் பாடி செய்த ஸ்காலியெத்தி பட்டறையிலேயே புது பாடி போட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் இத்தாலியின் தார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் பிரிவு வெற்றி. 2018இல் 4.84 கோடி டாலருக்குப் போனது. நம் ஊரில் 2021இல் வந்த பழங்கால வாகன விதி, 50 ஆண்டு தாண்டிய வண்டியில் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டால் இந்த வண்டி வடாலா ஆர்.டி.ஓ. வாசலைத் தாண்டுவது சந்தேகம்தான்! தயாரித்தவரே அந்தக் காலத்தில் செய்த மாற்றம் வேறு, பிற்பாடு எவரோ தகடு தட்டியது வேறு. விதியில் இந்த வித்தியாசம் வர வேண்டும்.

படத்தின் கீழே ‘19ஆம் எண் ஜிடிஓ’ என்று போட்டிருக்கிறீர்கள். அது 1962 லு மான் பந்தயத்துக்காக ஒட்டிய எண். கீஷேவும் நொப்லேயும் ஓட்டி மொத்தத்தில் இரண்டாமிடமும் பிரிவில் முதலிடமும் பெற்ற அந்த வண்டியின் சேஸிஸ் எண் 3705. பந்தய எண் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாறும். அதை வைத்து வரலாறு எழுதினால் இரண்டு வண்டிகளின் கதை ஒன்றாகிவிடும். நிறமும் பாதிதான் உதவும், பல வண்டிகள் சிவப்பு. (1962 குட்வுட் டூரிஸ்ட் டிராஃபி வென்ற 3505 மாதிரி வெளிர்பச்சையாக இருந்தால் வேலை சுலபம்.) முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றுப் பிளவு இரண்டா மூன்றா, பின்பக்கத் துடுப்பு (ஸ்பாய்லர்) போல்ட் போட்டதா பாடியோடு சேர்ந்ததா என்று படத்துக்குப் படம் ஒப்பிட வேண்டும்.

இந்த ஃபெராரிகளின் இன்ஜினிலும் சேஸிஸ் எண்ணே அடித்திருக்கும், அதோடு தொழிற்சாலையின் உள் எண் ஒன்றும் இருக்கும். இன்ஜின் கட்டை (பிளாக்) அலுமினியம் என்பதால் அராவிவிட்டுப் புது எண் அடிப்பது பெரிய வித்தை அல்ல. கையால் ஒவ்வொன்றாக அடித்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கித்தான் நிற்கும். எண் இருக்கும் தளம் மட்டும் தாழ்ந்தோ பளபளப்பாகவோ இருந்தால் வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று மும்பை வாசகர்கள் ஒதுக்க வேண்டாம். குர்லாவில் செய்த 1089 சிசி ஃபியட் 1100 வண்டிகளை இப்போது ‘ஜுஹு பந்தயத்தில் ஓடியது, சோழவரம் பந்தயத்தில் ஓடியது’ என்று கூடுதல் விலை சொல்லி விற்கிறார்கள். நம்பர் பிளேட் தெரியும் பந்தயப் படம் கேளுங்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றங்களின் தேதிகளை அந்தப் படத்தின் ஆண்டோடு ஒப்பிடுங்கள். வாய்வார்த்தைக்குப் பத்து பைசா கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணைப் படி எடுப்பதிலும் கவனம் வேண்டும். கடற்காற்றில் துரு பிடித்த தகட்டைப் பார்த்ததும் டிங்கரிங் ஆள் கிரைண்டரை எடுப்பார். ஒரு சுற்று போதும், 3 எது 8 எது என்று தெரியாது. பெயின்ட் ரிமூவர் தடவி, துணியால் துடைத்து, பித்தளைக் கம்பி பிரஷால் மட்டும் தேய்க்க வேண்டும், உப்புத்தாளும் ஆகாது. மெல்லிய தாளை இழுத்து ஒட்டி, மெத்தென்ற பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பும். மூன்று படி எடுத்து, தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புகைப்படமும் எடுத்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தில் லேசாக கிரீஸ் தடவுங்கள், பட்டி வைத்து மூடாதீர்கள். எண்ணுக்கு அடியில் தகடு அரித்துப்போயிருந்தால் வெல்டிங்குக்கு முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட வேண்டும். ஒட்டுப் போட்ட பிறகு போனால், நல்ல வண்டியும் திருட்டு வண்டியாகத்தான் தெரியும்.

பழங்கால வாகனப் பதிவுக்குப் புதிதாக 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். எண்ணைப் படி எடுக்க முடியாமல் போனால் இந்தப் பணம் கட்டியும் பயனில்லை.

அடுத்த முறை ஏலச் செய்தி போடும்போது விலைக்குப் பக்கத்தில் நான்கு இலக்கச் சேஸிஸ் எண்ணுக்கும் இடம் ஒதுக்குங்கள். பாதி வரிகூட ஆகாது.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைக்கும் பட்டறைக்காரர்கள்,
செம்பூர், மும்பை.