பதினேழு வருஷம்

அன்புள்ள மாப்ளே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி தங்கச்சி போனில் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தப்பு. அதற்கு என்ன திட்டுவதாக இருந்தாலும் நேரில் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். சின்னவன் பழையபடி ரசம் சோற்றுக்குத்தான் வாயைத் திறக்கிறான். ஹார்மோனியக்காரர் மகனை ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் பார்த்தேன். அப்பா மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இனி உன் விஷயம். நாடகத்தின் மூன்றாம் காட்சியில் உனக்கு வசனம் நின்றுபோச்சு. நம் குழுவின் தாடி பின்னாலிருந்து இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். நீ கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, இடதுபக்கத் தட்டி வழியாக இறங்கி, பவுடரைக்கூடத் துடைக்காமல் டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாய். ஜமீன்தார் மீசையோடு ஏறியவனிடம் கண்டக்டர் டிக்கெட் கேட்டாரா, கும்பிடு போட்டாரா? சரி, அதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். அன்றிலிருந்து நீ யார் போனையும் எடுப்பதில்லை. வசன நோட்டுகளைக் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாய். இனிமேல் மேடை கிடையாது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம்.

எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் எழுந்து நடக்கப் போனேன். போன இடத்தில்தான் உனக்கு என்ன எழுதுவது என்று தெரிந்தது.

லண்டனின் கிழக்கோரத்தில் எங்கள் குட்மேஸில் ஒரு பழைய செங்கல் ஆஸ்பத்திரி இருக்கிறது. மனநோய் ஆஸ்பத்திரி, 1901-இல் திறந்தது. இப்போது இந்தப் பக்கமெல்லாம் நம் ஆட்கள்தான். தெருமுனைக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஆஸ்பத்திரியைக் கவனித்துவந்த பெரிய டாக்டருக்கு 1931 செப்டம்பரில் இந்த ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது. நடிகர் இயன் ஹோம். பெயர் சொன்னால் உனக்குத் தெரியாது, முகம் தெரியும். நம் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மோதிரப் படம் பார்த்தோமே, அதில் அந்தக் குட்டைக் கிழவர் மோதிரத்தைப் பார்த்ததும் ஒரு நொடி பேய் முகமாக மாறுவாரே, உன் மகன் உன் மடியில் ஏறிக்கொண்டானே, அவர்தான். பில்போ.

அந்த முகத்தைத் தயார் செய்ய அவருக்கு எத்தனை வருஷம் ஆச்சு என்று பார். ராடா நாடகப் பள்ளியில் படித்துவிட்டு 1954-இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு போனார். ஈட்டி பிடித்து நிற்கிற வேஷம். நம் குழுவில் கண்டக்டர் அண்ணன் ஏழு வருஷம் காவலாளியாகவே நின்றாரே, அதே மாதிரி. ஆனால் நின்றது யார் பக்கத்தில்? பெரிய நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் பக்கத்தில். ஆள் ஐந்தரை அடிதான், ராஜபார்ட் உடம்பே இல்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்குள் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு, ஐந்தாம் ஹென்றி இரண்டையும் அதே ஊரில் நடித்துவிட்டார். 1965-இல் ஹெரால்டு பின்டரின் ‘தி ஹோம்கமிங்’. அதில் லென்னி என்கிற ஆள், பார்க்க மரியாதையாக இருப்பான், பேசப் பேச வயிற்றைக் கலக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அவனும் ஒரு பெண்ணும் பேசிக்கொள்கிற காட்சி ஒன்று உண்டு. யாரும் யாரையும் தொடவில்லை, ஆனால் கத்திச்சண்டை பார்த்த மாதிரி இருக்கும். 1973-இல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். உனக்குக் காட்ட வேண்டும். நியூயார்க்கில் அதே வேஷத்துக்கு 1967-இல் டோனி என்கிற நாடக விருது கிடைத்தது.

இப்படிப்பட்டவருக்கு 1976-இல் என்ன ஆச்சு தெரியுமா?

லண்டன் ஆல்ட்விச் அரங்கம். யூஜின் ஓ’நீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’. ஹிக்கி என்கிற வேஷம். கடைசி அங்கத்தில் அவன் ஒருத்தனே பேசிக்கொண்டு போகிற வசனம் பக்கம் பக்கமாக நீளும். முதல் நாளுக்கு முன்னால் நடத்துகிற முன்னோட்டக் காட்சிகளில் ஒன்று. அரங்கு நிறைய ஆட்கள். இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் நின்ற மனுஷருக்கு ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு ஒப்பனை அறையில் சுருண்டு படுத்திருந்தாராம். அந்த வேஷத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் அவர் சொன்னது எனக்கு மறக்காது: கவனம் ஒரு தடவை போய்விட்டால், ஜெயிலில் ஒவ்வொரு கதவாக அறைந்து சாத்துகிற மாதிரி மூளை மூடிக்கொள்ளும் என்றார்.

மாப்ளே, அந்தக் கதவுச் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். முன்வரிசையில் சிரித்தவனுக்கு அது தெரியாது. நீ வசனம் படிக்காமல் போனவன் இல்லை. இருநூறு தடவை சொன்ன வசனம் அது. படிக்காதவனுக்கு வருகிற மறதி வேறு, இது வேறு. இதை உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நடுவில் ஒரு சின்ன அரங்கில் எட்டிப் பார்த்ததைத் தவிர, அவர் 1993 வரைக்கும் மேடைப் பக்கம் வரவில்லை. பதினேழு வருஷம்! ஆனால் ஒன்றைக் கவனி. மேடையை விட்டாரே தவிர நடிப்பை விடவில்லை. நோட்டை மூட்டை கட்டவில்லை. கேமரா முன்னால் போய் நின்றார். அங்கே நின்றுபோனால் இன்னொரு டேக் உண்டு, அந்த தைரியம் அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். 1979-இல் ‘ஏலியன்’. விண்கலத்தில் அடக்க ஒடுக்கமாக ஒரு அறிவியல் அதிகாரி, பெயர் ஆஷ். பாதிப் படத்துக்கு மேல்தான் அவன் மனுஷனே இல்லை, இயந்திரம் என்று தெரியும். முதல் தடவை பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாம் தடவை பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கண் மற்றவர் கண் மாதிரி இல்லை என்பது பிடிபடும். தெரிந்தே ஒளித்து வைத்து நடித்திருக்கிறார். 1981-இல் பிபிசி வானொலியில் மோதிரக் கதையை 26 பகுதி நாடகமாகப் போட்டபோது கதாநாயகன் ஃப்ரோடோ இவர்தான். இருபது வருஷம் கழித்துப் படத்தில் அந்த ஃப்ரோடோவுக்கே பெரியவராக வந்தார். நெப்போலியனாக மட்டும் மூன்று தடவை நடித்தார். உயரம் அங்கே உதவிக்கு வந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் உனக்குக் காட்ட ஆசைப்படுவது ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’. 1981-இல் வந்த படம், 1924 பாரிஸ் ஒலிம்பிக் கதை. ஹெரால்டு ஆப்ரகாம்ஸ் என்ற ஓட்டக்காரருக்கு சாம் முசாபினி என்ற பயிற்சியாளர். நிஜ மனுஷர்தான். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பவர் என்பதால் அவரை மைதானத்துக்குள் சேர்க்கமாட்டார்கள். ஓட்டம் நடக்கும்போது பக்கத்தில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தின் உச்சி மட்டும் தெரியும். சிஷ்யன் ஜெயித்தானா தோற்றானா, சொல்ல ஆள் இல்லை. திடீரென்று தேசிய கீதம் கேட்கும். கொடி ஏறும். பிரிட்டன் கொடி. ஹோம் எழுந்து நிற்பார். எழுந்து நிற்பதே தயங்கித் தயங்கித்தான். அப்புறம் தன் வைக்கோல் தொப்பியைக் கையில் எடுத்து, அதன் உச்சியில் ஓங்கி ஒரு குத்து. கை மறுபக்கம் வந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்து, என் மகனே என்பார். அவ்வளவுதான் காட்சி. எதிரே நடிக்க ஆள் கிடையாது, பெரிதாக வசனம் கிடையாது. உனக்குத் தெரியும், எதிராளி இல்லாமல் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. அந்த வேஷத்துக்குக் கான் திரைவிழாவிலும் பிரிட்டிஷ் அகாடமியிலும் துணை நடிகர் விருது. ஆஸ்கருக்கும் பெயர் போனது, கிடைக்கவில்லை.

ஜெயித்த இடத்துக்குள் நுழைய முடியாமல், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். மேடையை விட்டு நாலைந்து வருஷமான நேரத்தில் அவர் அதை நடித்தார். நான் சும்மா இட்டுக்கட்டிச் சொல்வதாக நினைக்காதே, அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

இப்போது 1993-க்கு வா. இஸ்லிங்டனில் அல்மெய்டா என்று ஒரு சின்ன அரங்கம், முன்னூத்திச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். பின்டர் ‘மூன்லைட்’ என்று புது நாடகம் எழுதியிருந்தார். அதில் ஆண்டி என்கிற சாகக் கிடக்கிற மனுஷன். கட்டிலில் படுத்தபடியே நடிக்க வேண்டும்! மாப்ளே, இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருஷம் பயந்த ஆள் திரும்பி வந்தது கோட்டை கொத்தளம் ஏறி இல்லை. சின்ன இடம், பழகிய எழுத்து, முதுகுக்குக் கீழே ஒரு மெத்தை. அவர் யோசித்துத்தான் அந்த நாடகத்துக்கு ஒத்துக்கொண்டாரா, தானாக அமைந்ததா, எப்படியிருந்தால் என்ன? அந்தக் கட்டில் அவரைத் தாங்கியது.

அப்புறம் நான்கே வருஷம். 1997-இல் நேஷனல் தியேட்டரின் காட்டெஸ்லோ அரங்கில் இயக்குநர் ரிச்சர்டு ஐர் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ போட்டார். லியர் யார்? ஹோம்தான், வயது 65. நாடகத்திலேயே ஒருத்தனை ஒன்றுமில்லாமல் ஆக்குகிற வேஷம். புயல் காட்சியில் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றார். அதுவும் பக்கத்திலேயே ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற சின்ன அரங்கம். ஒரு நாள் கவனம் தவறியதற்காக ஓடி ஒளிந்தவர், இப்போது ஒளிவதற்கு ஒரு சட்டைகூட இல்லாமல் நிற்கிறார். பிபிசி அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறது, நான் பார்த்தேன். அந்த வேஷத்துக்கு ஒலிவியர் பெயரிலான நாடக விருது. 1998-இல் சர் பட்டம்.

அதே 1997-இல் ‘தி ஸ்வீட் ஹியராஃப்டர்’ என்று ஒரு கனடியப் படம். வக்கீல் வேஷம். விமானத்தில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தன் மகளின் குழந்தைப் பருவத்துக் கதை ஒன்றைச் சொல்வார். சிலந்தி கடித்துக் குழந்தையின் தொண்டை வீங்குகிறது. ஆஸ்பத்திரி தூரம். மூச்சு நின்றால் தொண்டையைக் கீறி வழி செய்ய வேண்டும், அதற்குத் தயாராக இரு, ஆனால் குழந்தை பயப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். தகப்பன் ஒரு கையில் கத்தியைத் திறந்து பிடித்துக்கொண்டு, மடியில் இருக்கிற குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போகிறான். கத்திக்கு வேலை வராமல் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார். கத்தி இன்னும் கையிலேயே இருக்கிற மாதிரி இருக்கும்.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய். பழைய பில்போவாக இன்னொரு தடவை நடிக்கக் கூப்பிட்டபோது நியூசிலாந்துக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவருடைய காட்சிகளை மட்டும் இங்கே இங்கிலாந்திலேயே எடுத்தார்கள். 2020 ஜூனில் லண்டனில் போய்ச் சேர்ந்தார், 88 வயது. அப்போது ஊரடங்கு. நான் அந்தச் செங்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டு வந்தேன். இன்று காலையும் அங்கேதான் போனேன்.

நீ கேட்பாய், அவர் எங்கே நாம் எங்கே என்று. அப்படிக் கேட்காதே. திருவெறும்பூரில் மழையோடு போட்ட நாடகம் ஞாபகம் இருக்கா? கோர்ட் காட்சியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி வந்து, ‘வக்கீல் ஐயா யோசிக்கட்டும், அதுவரைக்கும் நானே சொல்கிறேன்’ என்று என் வசனத்தையும் சேர்த்துப் பேசினாய். சனங்கள் அது நாடகத்திலேயே உள்ளது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அன்றைக்கு நீ இறங்கி வராமல் இருந்திருந்தால் நான் அதோடு மேடையை விட்டிருப்பேன். இதுவரைக்கும் உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

இந்தத் தடவை நீ நின்றபோது நான் அங்கே இல்லை. அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி ஊருக்கு வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். உன் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து இருபது பேர். வெளியாள் கிடையாது. தாடி, கண்டக்டர் அண்ணன், அந்த வகையறா மட்டும். நம்முடைய தபால்காரர் நாடகம். அதில் பாதி நேரம் பெரியவர் திண்ணையில் சாய்ந்தே கிடப்பார், அது உன் வேஷம். நான் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். நீ நின்றால் எடுத்துக் கொடுப்பேன், பத்துத் தடவை நின்றால் பத்துத் தடவை. அன்றைக்கும் வராவிட்டால் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம்.

தங்கச்சியிடம் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். தாடி போன் செய்தால் எடு, பாவம், தான் மெதுவாக எடுத்துக் கொடுத்ததால்தான் உனக்குக் கேட்கவில்லை என்று அவன் அழுகிறானாம்.

பரணில் நீ ஏற வேண்டாம், முட்டி வலி என்று தங்கச்சி சொன்னாள். கோணிப்பையை வந்து நானே இறக்குகிறேன். நீ ஏணியைப் பிடித்துக்கொள்.

என்றும் உன்,
வக்கீல்