நாசியெல்ஸ்க் சுருளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 8 மி.மீ., 16 மி.மீ. வீட்டுப் படச் சுருள்களைத் துடைத்து, ஒட்டி, அளந்து, பாதுகாத்து வைக்கும் வேலையில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. உங்களில் பலரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. சிலர் இப்போது உயிரோடும் இல்லை. ஆனாலும் நன்றியைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் வரவில்லை.

படிக்கிறவர்களுக்காக விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். போலந்தில், வார்சாவிலிருந்து வடக்கே 50 கிலோமீட்டர் போல் போனால் நாசியெல்ஸ்க் என்ற சிற்றூர் வரும். டேவிட் கர்ட்ஸ் அங்கே பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போனவர். 1938 கோடையில் மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், பிறந்த ஊருக்கும் போனார். கையில் 16 மி.மீ. கேமரா. வண்ணத்திலும் கொஞ்சம் கறுப்பு வெள்ளையிலுமாக மூன்று நிமிடச் சொச்சம் படம் எடுத்தார். அப்போது அந்த ஊரில் சுமார் 3,000 யூதர்கள் இருந்தார்கள். 1939 டிசம்பர் 3ஆம் தேதி நாஜிகள் அவர்களை ஊரைவிட்டே விரட்டி ரயிலேற்றினார்கள். போர் முடிந்தபோது எஞ்சியவர்கள் 100 பேருக்கும் குறைவு.

அந்தச் சுருள் 2009இல் ஃபுளோரிடாவில், அவர் குடும்பத்து வீட்டு அலமாரி ஒன்றில் கிடைத்தது. கண்டெடுத்தவர் அவருடைய பேரன். முதல் நன்றி அவருக்கே. பழைய டப்பா கிடைத்தால் உடனே ப்ரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சுருங்கிப்போன ஃபிலிமுக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது. 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 7.62 மி.மீ. இடைவெளி. 100 துளைக்கு 762 மி.மீ. வரவேண்டும். அளந்து பார்த்து 756க்குக் கீழே வந்தால், அதாவது 0.8 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், ப்ரொஜெக்டரின் பல் துளைக்குள் சரியாக இறங்காது. ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும், அல்லது ஃபிலிம் சிக்கி நின்று விளக்குச் சூட்டில் கருகும். சுருளை நேராக வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தீர்களே, அதற்கு நன்றி.

அருங்காட்சியகத்தாரே, அது உங்கள் கைக்கு வந்த நிலையையும் சொல்ல வேண்டும். சுருங்கி, வளைந்து, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டு கிடந்த ஃபிலிம். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் மீட்டிருக்கவே முடியாது. இந்த நோய்க்கு எங்கள் வட்டாரத்தில் வினிகர் நோய் என்று பெயர். கோடக்கின் 16 மி.மீ. ஃபிலிம் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிளாஸ்டிக்கில் வந்ததில்லை. தொடக்கம் முதல் அசிட்டேட்தான். அசிட்டேட் பேஸ், அதாவது படப் பூச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, ஈரமும் சூடும் பட்டால் மெல்ல உடைந்து வினிகர் வாடையடிக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலமே உடைசலை இன்னும் வேகப்படுத்துகிறது. காற்றுப் புகாத தகர டப்பாவில் மூடி வைத்தால் அமிலம் வெளியே போக வழியில்லாமல் ஃபிலிமையே திரும்பத் தின்னும். பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக மூடி வைத்த வீடுகளில்தான் சேதம் அதிகம் என்பது இந்த வேலையில் மனதை மிகவும் வருத்தும் விஷயம்.

ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்களுக்கும் இங்கேயே நன்றி சொல்கிறோம். புது அசிட்டேட் ஃபிலிமை 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் வினிகர் வாடை தொடங்க ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். சென்னை மாதிரி ஊரில் பரணில் போட்டால் அந்தக் கணக்கு எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கொண்டுவந்த ஏ-டி பட்டை, அதாவது அமிலம் காட்டும் பட்டை, விரலளவு நீலக் காகிதம்தான். டப்பாவுக்குள் போட்டு மூடி ஒரு நாள் விட்டுவிட்டால் போதும். நீலமாகவே இருந்தால் ஃபிலிம் நலம். பச்சைக்கு மாறினால் நோய் தொடங்கிவிட்டது, குளிரில் வைக்க வேண்டும். மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்காமல் நகல் எடுக்க வேண்டும். மூக்கை நம்பி வேலை செய்கிறவருக்கு, வாடை பழகிப்போன பிறகு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை இந்தக் காகிதம் தீர்த்தது.

அடுத்து, சுருளைப் பிரித்தெடுத்த மேரிலாந்து கலர்லேப் தொழில்நுட்பக்காரர்களுக்கு. உங்கள் வேலையின் அருமை வெளியாருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒட்டிய சுருளை இழுத்துப் பிரித்தால் ஒரு சுற்றின் எமல்ஷன் (மேல் பூச்சு) அடுத்த சுற்றின் முதுகில் அப்படியே உரிந்து வந்துவிடும். படம் என்பதே அந்த எமல்ஷன்தான். அதனால் இப்படிப்பட்ட சுருளை முதலில் இளக வைக்க வேண்டியிருக்கிறது. மூடிய பாத்திரத்தில் கரைப்பான் ஆவியில் நாள்கணக்கில் வைத்து, பேஸ் கொஞ்சம் நெகிழ்ந்ததும் கையால் அங்குலம் அங்குலமாகப் பிரிப்பது வழக்கமான முறை. நெகிழ்வு நிலைக்காது. வெளியே எடுத்ததும் ஃபிலிம் மறுபடி இறுகத் தொடங்கும், சில சமயம் முன்பைவிட மோசமாக. ஆகவே ஸ்கேனரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பாத்திரத்தைத் திறக்க வேண்டும். அந்தக் கரைப்பான்களின் ஆவி நச்சு, சிலது தீப்பற்றக்கூடியது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

வண்ணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முடியாது. நாசியெல்ஸ்க் படத்தின் வண்ணப் பகுதி கோடக்ரோம் என்ற ஃபிலிமில் எடுத்தது. அதைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கடாவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். ஒருவர் பியானோ, இன்னொருவர் வயலின். இருவருமே யூத வேருள்ள இசைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். பள்ளி நாட்களிலிருந்தே வண்ணப் படச் சோதனையில் இறங்கி, கோடக் ஆய்வுக்கூடத்தில் அதை முடித்தார்கள். 1935இல் கோடக்ரோம் முதலில் வந்ததே 16 மி.மீ. சினிமா ஃபிலிமாகத்தான். மற்ற வண்ண ஃபிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் பொருள் எமல்ஷனுக்குள்ளேயே இருக்கும். கழுவி முடித்த பிறகும் மிச்சம் அங்கேயே தங்கி, ஆண்டு போகப் போகப் படத்தைப் பழுப்பாக்கும். கோடக்ரோமில் இருப்பது மூன்று கறுப்பு வெள்ளை அடுக்கு மட்டும். சாயம் முழுவதும் டெவலப்பர் தொட்டியிலிருந்து வருகிறது. வேலை முடிந்தால் மிச்சம் கிடையாது. முதல் மூன்று ஆண்டுகள் கழுவிய முறையில் சாயம் நிற்கவில்லை. 1938இல் முறையை மாற்றிய பிறகே இருட்டில் வைத்தால் தலைமுறைகள் தாங்கும் வண்ணம் கிடைத்தது. நாசியெல்ஸ்க் படமானதும் அதே ஆண்டில். பேஸ் அழுகிக்கொண்டிருக்க, அதன் மேலிருந்த நிறம் உறுதியாக நின்றது. ஒரே ஃபிலிமில் இரண்டு கடிகாரம் வெவ்வேறு வேகத்தில் ஓடியது போல.

அந்த ஃபிலிமின் வேகமும், அதாவது ஒளியைப் பதியும் திறனும், படத்தில் தெரிகிறது. இன்றைய ஐஎஸ்ஓ அளவில் சொன்னால் 10 போலத்தான். நல்ல வெயில் இல்லாமல் ஒன்றும் பதியாது. அதனால் கேமரா தெருவிலேயே நின்றது. தெருவில் நின்றதால் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். கேமரா நகர நகர, சட்டகத்தைவிட்டு வெளியே போன பையன் கூட்டத்துக்குப் பின்னால் ஓடி வந்து மறுபடி முன்னால் தலை நீட்டுகிறான். பெரியவர் ஒருவர் பிள்ளைகளை விலக்கிப் பார்க்கிறார், அவர்கள் விலகுவதாக இல்லை. வாசல் நிழலில் நிற்பவர்களின் முகம் மட்டும் கறுப்பில் அமிழ்ந்துவிடுகிறது. கோடக்ரோமின் நிழல் அவ்வளவு அடர்த்தி. அந்தக் கறுப்புக்குள் இருக்கிற கொஞ்ச விவரத்தை எடுக்க, ஸ்கேன் செய்யும்போது பார்க்க அழகாக இருக்கும்படி கான்ட்ராஸ்டை ஏற்றக் கூடாது. தட்டையாக, வெளிறினாற்போல் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, அழகுபடுத்துவதை நகலில் செய்துகொள்ள வேண்டும்.

படத்தை ஓட்டும் வேகம் என்று இன்னொரு வேகமும் உண்டு, அதுவும் கெடுக்கும். அந்தக் காலத்து ஊமை கேமராக்கள் நொடிக்கு 16 ஃபிரேம் ஓடின. 100 அடிச் சுருளில் 4,000 ஃபிரேம். 16இல் ஓட்டினால் 4 நிமிடம் 10 நொடி. அதையே 24இல் ஓட்டினால் 2 நிமிடம் 47 நொடியில் முடிந்துபோகும், மனிதர்கள் பொம்மை மாதிரி விறுவிறுவென்று நடப்பார்கள். யூதத் தொழுகைக்கூடத்து வாசலில் கூட்டமாக நிற்பவர்களை அப்படிப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. இப்போது வேறொரு வழக்கமும் பரவுகிறது. இல்லாத ஃபிரேமை மென்பொருளால் உண்டாக்கி இடையில் செருகுவது, முகங்களைத் தெளிவாக்குகிறேன் என்று கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைவது. இதை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம். அந்தப் படத்தில் சுமார் 150 பேர் தெரிகிறார்கள். பலருக்கு இதைத் தவிர வேறு படம் இருக்க வாய்ப்பில்லை. கணினி கற்பனை செய்த புருவத்தை வைத்து ஒரு மகன் தன் தாயை அடையாளம் காண நேரக் கூடாது.

அடையாளம் கண்டவர்களுக்குத்தான் எங்கள் நன்றியில் பெரும்பங்கு. சுருள் கிடைத்தபோது அது எந்த ஊர் என்பதே தவறாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. டேவிட்டின் மனைவி பிறந்த பெரெஸ்னே என்ற ஊராக இருக்கும் என்று நினைத்தார்கள். தொழுகைக்கூடத்துக் கதவில் செதுக்கியிருந்த யூதாவின் சிங்கம் என்ற யூதச் சின்னம் உள்ளிட்ட விவரங்கள் நாசியெல்ஸ்கைக் காட்டிக் கொடுத்தன. டப்பாவின் மேல் எழுதியிருப்பது, குடும்பத்தார் சொல்வது, படத்துக்குள்ளேயே இருக்கும் சான்று ஆகிய மூன்றையும் பட்டியலில் மூன்று தனிக் கட்டங்களில் எழுத வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஒன்றாகக் கலந்து எழுதினால் முதல் பிழை கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும்.

அருங்காட்சியகத்தின் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் திரைப்பட ஆவணப் பிரிவினர் காட்சியை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். 2011இல் அதைத் தற்செயலாகப் பார்த்த ஒரு பெண், அதிலிருந்த 13 வயதுப் பையன் தன் தாத்தா என்று கண்டுகொண்டார். அந்தத் தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். சட்டகத்தில் உள்ளவர்களின் பெயரையும், அவர்கள் தலையில் இருந்த தொப்பியின் வகை எதைக் குறிக்கும் என்பதையும் சொல்ல வல்ல ஒருவர் அதன் பிறகே கிடைத்தார். அப்படியும் பெயரோடு தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடி அளவுதான். ஆவணத்தைப் பூட்டி வைத்திருந்தால் அதுவும் இல்லை. திறந்து வைத்த உங்கள் முடிவுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

ஐயா, அந்தப் பையனாக இருந்தவரே, உங்களைப் போன்றவர்களிடம் கேள்வி கேட்கும் முறையையும் இந்தச் சுருளை ஒட்டி நடந்த வேலையிலிருந்து பலர் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஒன்றும் கேட்காமல் முழுதையும் ஓட்டிக் காட்டுவது. பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்துவது. "இது இன்னார்தானே?" என்று கேட்காமல் "இங்கே என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்பது. அவர் முகத்தை விட்டுவிட்டுக் கடைப் பலகையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் இருப்பது. சொன்னதை நேரக் குறிப்போடு, சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுவது. வயதானவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இறந்துபோன வீட்டாரைத் திரையில் பார்ப்பது சாதாரணக் காரியமில்லை என்பதால் குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிய ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கம்.

அசல் சுருளைக் காக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். ஸ்கேன் ஆகிவிட்டது, இனி இது எதற்கு என்று தூக்கிப் போட்ட இடங்கள் உண்டு. நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்போது இன்னும் இரண்டு முகம் நிழலிலிருந்து வெளியே வரலாம். அதுவரை ஃபிலிம் குளிரில் இருக்க வேண்டும். ஈரம் புகாத பையில் இரண்டு உறையாகப் போட்டு, ஈரப்பதம் காட்டும் அட்டையை இரண்டுக்கும் நடுவில் வைத்து உறைய வைப்பது, வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காமல் காத்திருப்பது, இதெல்லாம் யார் கண்ணிலும் படாத வேலை. அவசரப்பட்டுத் திறந்தால் ஃபிலிம் மேல் நீர் கோத்துக்கொள்ளும், எமல்ஷன் கொழகொழத்துவிடும். அந்த ஒரு நாளைப் பொறுமையாகக் காத்திருக்கிற காப்பறை ஊழியர்களே, உங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
சிறு சுருள் பராமரிப்பில் இருக்கும் தமிழ் நண்பர்கள்