மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள ஃபாதருக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து வந்த போதகர், யோகா செய்கிற கிறிஸ்தவர்கள் கெட்ட ஆவிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று பேசிவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் 14 பெண்கள் வழக்கம்போல் யோகா செய்யப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தால், மண்டபத்தில் புதுப் பூட்டு. முன்கூட்டி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோத்தகிரிக் குளிரில், காலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில், ஒரு அக்கா இருக்கிறார். 28 வருடமாகச் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். நிறைந்த பையை எடை போடும் இடம்வரை சுமந்து சுமந்தே இடுப்பும் முட்டியும் போய்விட்டன. கோயம்புத்தூர் இறங்கி டாக்டரைப் பார்க்கலாம் என்றால் அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. நடுப்பூசையில் எல்லாரும் முழங்காலிடும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாலு வருடம் இப்படியே போனது. எங்களுக்கு யோகா சொல்லித்தரும் சிஸ்டர் காட்டியபடி முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கும் தாடாசனம், அப்புறம் மெல்ல மெல்ல மற்றவை என்று எட்டு மாதம் விடாமல் செய்தார். போன கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் முழங்காலிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்திருக்கும்போது என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை.

இப்போது லயத்து வீட்டின் ஒரே அறையில் ஐந்து பேருக்கு நடுவே அவரால் பாய் விரிக்க முடியவில்லை. போன ஞாயிறு மறுபடியும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். இதனால் யாருடைய விசுவாசம் காப்பாற்றப்பட்டது, ஃபாதர்?

யோகா எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கும் தெரியும். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்றுதான். ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதும் அவர் சொன்னவற்றில் உண்டு. அதனால்தான் சிஸ்டர் எந்த மந்திரமும் சொல்லித் தரவில்லை. மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’, விடும்போது ‘இரக்கமாயிரும்’. இவ்வளவுதான்.

1989-இல், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்தோடு ரோமிலிருந்து வந்த மடலை நீங்கள் படித்திருப்பீர்கள். உடலுக்குக் கிடைக்கும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்று அது எச்சரிக்கிறது. அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் கிறிஸ்தவம் அல்ல என்ற ஒரே காரணத்துக்காகப் பிற சமயங்களின் முறைகளைத் தள்ளிவிடக் கூடாது என்பதும் அதே மடலில்தான் இருக்கிறது. குளித்தலை பக்கம் காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமத்தை 1950-இல் தொடங்கியவர்களும் கத்தோலிக்கக் குருக்கள்தான். இவ்வளவு இருந்தும், ஒரு நாள் வந்து பேசிப்போனவரின் சொல் போதும் என்று பூட்டிவிட்டீர்கள். சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயிலைக் கூட்டுவதும், பீடத்துக்குப் பூ வைப்பதும், திருவிழாவுக்குச் சமைப்பதும் நாங்கள். ஆனால் எங்களைப் பற்றி ஒரு முடிவெடுக்கும்போது எங்களில் ஒருத்தியைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தோட்டத்திலும் இதே நிலைதான். இடுப்பு வலி என்றால் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கோயிலிலாவது எங்கள் வலியைக் கேட்பார்கள் என்று நினைத்தோம்.

சரி, கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். நாங்கள் கேட்பது செவ்வாய், வெள்ளி காலை ஆறிலிருந்து ஏழு மணிவரை மண்டபம் மட்டும். தயவுசெய்து ஒரு நாள் நீங்களே வந்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். எது தவறென்று தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம்.

வரும் செவ்வாயும் பாயோடு வருவோம். அந்த அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார். யாரிடமாவது சாவியைக் கொடுத்தனுப்புங்கள், ஃபாதர்.

உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி