தேங்காய் திருவுகிற பிள்ளை

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? எண்ணெய் பூச மறக்காதீர்கள்.

"ஆரோ பெத்த பிள்ளையை ஏன் தலையில தூக்கி வைக்கிறாய்?" என்று அன்றைக்கு போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

அவனுடைய பெயரை எழுதக்கூடாது, படமும் அனுப்பக்கூடாது. இங்கத்தைய ஒழுங்கு அப்படி. தம்பி என்றே எழுதுகிறேன். வெள்ளைக்காரப் பெடியன், வயது 15. தாய் இருக்கிறா, வருத்தக்காரி. மாதம் ஒருக்கால் போய்ப் பார்ப்பான், வந்தால் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டான். இப்படியான பிள்ளைகளுக்கு இங்கே கவுன்சில்தான் பொறுப்பு. எங்களைப் போன்ற வீடுகளில் விட்டு வளர்ப்பார்கள். அதற்கு முதல் வகுப்பு, பொலிஸ் பதிவு, வைத்தியச் சோதனை என்று மாதக்கணக்கில் எங்களைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். மகள் பல்கலைக்கழகம் போனபடியால் அவளின் அறையைக் கொடுத்தோம்.

வந்த அன்று உடுப்பெல்லாம் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சை அடைத்தது. எங்களுக்கு முதல் நாலு வீடு மாறியவன். சப்பாத்தோடுதான் படுப்பான். முதல் மாதமே அறைக் கதவை உதைத்து உடைத்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் வரவேண்டாம் என்றார்கள். ஒரு நாள் இரவு காணாமல் போய், விடியப்புறம் 3 மணிக்குப் பொலிஸ் கூட்டி வந்தது. உங்கள் மருமகன் அதுவரைக்கும் வாசல் படியிலேயே இருந்தார். ஏசவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

பிழை என்னிலும் இருந்தது, அம்மா. பாவம், பாவம் என்று அவனை விருந்தாளி மாதிரியே வைத்திருந்தேன். ஒரு கோப்பை கழுவ விடவில்லை.

பிறகுதான் சாவகச்சேரி நினைவு வந்தது. 1995 ஒக்ரோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு இடம்பெயர்ந்து, மழைக்குள்ளே நாவற்குழிப் பாலம் கடந்து போய் ஒதுங்கினோமே, அந்த வீடு. அப்போது எனக்கும் 15 வயது. மூன்று நாள் ஒருவரோடும் கதைக்காமல் விறாந்தைத் தூணோடு இருந்தேன். அந்த வீட்டு ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் திருவலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "இத்தனை பேருக்கும் சம்பல் வேணும், திருவு பிள்ளை" என்றா. தேங்காய்ப்பூ விழ விழத்தான் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாளிலிருந்து அந்தக் குசினியில் உப்புப் போத்தல் எங்கே என்று என்னைத்தான் எல்லோரும் கேட்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு சனிக்கிழமை, நீங்கள் தந்துவிட்ட திருவலையைக் குசினி நிலத்தில் வைத்து அவனைக் கூப்பிட்டேன். நெடுவல் அவன், இருந்தால் முழங்கால் நாடியில் முட்டுகிறது. முதல் பாதியைச் சிரட்டை வரைக்கும் திருவி, பூவெல்லாம் மண்ணிறம். வெள்ளை மட்டும் போதும் என்று அவனுடைய கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். யாரும் தொட்டால் வெட்டென்று விலகுகிறவன், அன்று விலகவில்லை. மற்றப் பாதி பஞ்சு மாதிரி வந்தது.

இப்போது சனிக்கிழமை காலையில் தானே தமிழ்க் கடைக்குப் போய், தேங்காயைக் காதடியில் குலுக்கிப் பார்த்து வாங்கி வருகிறான். கடைக்கார அண்ணை "தம்பி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கவுன்சில்காரர் கூட்டம் வைத்து அவனைப் பற்றிக் கதைப்பார்கள். போனமுறை ஏதும் சொல்ல இருக்கா என்று கேட்டதற்கு, "அம்மாவைப் பார்க்கிறதைச் சனிக்கிழமை வைச்சால் பின்னேரம் வையுங்கோ, காலமை எனக்கு வீட்டில வேலை இருக்கு" என்றானாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போன கிழமையும் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினான். 18 வயதுக்குப் பிறகும், இரண்டு பக்கமும் விரும்பினால், 21 வரைக்கும் எங்களோடு இருக்க 2014 இல் சட்டம் வந்திருக்கிறது. எங்களுக்கு ஓம். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.

திருவலைப் பல்லு மழுங்கிப் போச்சு. ஊரிலிருந்து யாரும் வந்தால் புதிது ஒன்று கொடுத்துவிடுங்கோ. இதை உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னது அவன்தான்.

அன்புடன்,
உங்கள் மகள்