நேற்றைய ஜெட்

டான்டினாங், மெல்பர்ன்
பிப்ரவரி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "அறுபத்து மூணு வயசுல உனக்கு எதுக்குடா இந்த ரேஸ்?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை என் வீட்டில் தினமும் கேட்கிறார்கள், நீ வரிசையில் நில். உன் இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் எழுத வேண்டும். ஷெட்டில் தூங்கும் உன் ஆர்.டி. பைக்கை விற்கலாமா, அந்த ஹோட்டல்காரருக்குக் கொடுக்கலாமா? சொல்கிறேன். அதற்கு முன் போன மாதம் ஃபிலிப் ஐலண்டில் நான் பட்ட அவமானத்தைக் கேள்.

மெல்பர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். தீவின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி ட்ராக். 4.445 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. 1989-இல் ஆஸ்திரேலியாவின் முதல் 500 சி.சி. உலக சாம்பியன்ஷிப் ரேஸை வெய்ன் கார்ட்னர் ஜெயித்தது இங்கேதான். அதனால் நேர்பாதைக்கு அவர் பெயர். 1994 முதல் ஜனவரி மாதங்களில் இங்கே 'ஐலண்ட் கிளாசிக்' நடக்கிறது. பழைய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி.

பழையது என்றால் எது பழையது என்பதற்கு இங்கே கறாரான கணக்கு உண்டு. வண்டிகளைக் காலம் காலமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். என்னுடையது ஐந்தாம் காலம், 1973 முதல் 1982 வரை. நான் ஓட்டுவது 1981 யமஹா ஆர்.டி.350 எல்.சி., தண்ணீரில் குளிரும் எஞ்சின். வண்டிக்கென்று ஒரு லாக் புக் உண்டு. பிற்காலத்து முன்சக்கர ஃபோர்க்கையோ பிரேக்கையோ ரகசியமாக மாட்டிக்கொண்டு போனால், சரிபார்க்கும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். இந்த ஐந்தாம் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் தெரியுமா? 'மறந்துபோன காலம்'. நாம் கல்லூரியில் படித்த வருஷமெல்லாம் அதற்குள்தான் வருகிறது. அரியர்ஸ் எழுதியவனுக்கு அது எப்படி மறக்கும்?

காலையில், வண்டிகளைத் தயார்செய்யும் பிட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்கள் பலர் இன்றும் ஆமணக்கு கலந்த ஆயிலைத்தான் பெட்ரோலில் கலக்கிறார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே அந்தக் காஸ்டர் ஆயிலிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து, "ஆகா, ரேஸ் வாசனை" என்று உருகுவார்கள். எனக்கோ மாதம் ஒரு முறை பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய விளக்கெண்ணெய்தான் ஞாபகம் வரும். வயிறு லேசாகக் கலங்கும். ஸ்டார்ட் லைனுக்குப் போகும் முன் எப்படியும் கலங்கும், அது வேறு கணக்கு.

சனிக்கிழமை வடக்குக் காற்று. இந்த ஊரில் வெயிலைக் கொண்டுவருவது வடக்குதான், பாலைவனத்திலிருந்து நேராக வரும். தகித்தது. சூட்டில் காற்று லேசாகும், அதற்கேற்றபடி பெட்ரோலையும் குறைக்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, அந்த மெயின் ஜெட்டை ஒரு சைஸ் இறக்கினேன். வண்டி பறந்தது. என் கணக்குக்குப் பறந்தது என்று வைத்துக்கொள். ஒரு சுற்று இரண்டு நிமிஷம் ஒரு விநாடி. முன்னணி ஆட்கள் இதைக் கேட்டால் டீயைத் துப்பிவிடுவார்கள். ஆனால் அன்று ஐந்து பேரைத் தாண்டினேன், இருவர் என்னைத் தாண்டினார்கள். என்னைத் தாண்டியதில் ஒன்று டி.இசட்.350. நம் ஆர்.டி.யின் ரேஸ் அண்ணன். அதே 64 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 54. போகிற போக்கில் புகையை முகத்தில் விட்டுவிட்டுப் போனான்.

ராத்திரி காற்று தெற்குக்குத் திரும்பியது. இந்த ஊரில் இது சகஜம், ஒரு மணி நேரத்தில் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். ஞாயிறு காலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்தேன். கை விரைத்தது. குளிர்காற்று கனம், பெட்ரோல் கூட வேண்டும், ஜெட்டை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். தெரியாதா? தெரியும். கார்புரேட்டரைக் கழற்றச் சோம்பல். ஆறு சுற்றுதானே என்று போய்விட்டேன்.

மூன்றாவது சுற்று. நேர்பாதையின் முடிவு, ஆறாவது கியர், எதிரே டூஹன் வளைவு. ஆக்சிலரேட்டரை மூடினேன். டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்தான நேரம் அதுதான். எஞ்சின் அதே வேகத்தில் சுழலும், ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும் நின்றுபோகும். அதற்கு ஒரு நொடி முன்பே சத்தம் மாறியது, தந்தியை முறுக்கியது போல் ஒரு இறுக்கம். பிறகு பிஸ்டன் சிக்கி, பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. நம் காலத்துப் பழக்கம், கிளட்ச் மேல் எப்போதும் இரண்டு விரல் இருக்கும். பிடித்துவிட்டேன். பூட்டு விட்டது. வலது கையைத் தூக்கிப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே புல்லில் இறங்கி நின்றேன். சாம்பல் நிறத்தில் பெரிய வாத்துகள் இரண்டு பத்தடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. கேப் பாரன் வாத்து என்பார்கள், இந்தத் தீவில் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டன.

பக்கத்து பிட்டில் ஒரு பெரியவர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நான் கழற்றிய ஸ்பார்க் பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் பொடிப்பொடியாக அலுமினியம், என் பிஸ்டன்தான். "நேற்றைய ஜெட்டா?" என்றார். ஆமாம் என்றேன். பிளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் டயரைத் தடவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இடது சிலிண்டரைத் தூக்கினேன். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் பூனை பிராண்டினது போல் கோடுகள். சிலிண்டரின் உள்சுவரான லைனரில் அலுமினியம் அப்பியிருந்தது. ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு, மெல்லத் துடைத்து எடுத்தேன், லைனர் பிழைத்துக்கொண்டது. புது பிஸ்டனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். விலையை எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தை நீ சத்தமாகப் படிப்பாய்.

சரி, உன் வண்டி. 1985-இல் முதல் சம்பளத்தோடு அப்பாவின் காசையும் போட்டு நீ எடுத்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்.டி.350-இன் இந்தியப் பதிப்பு. ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சினை நமக்காக 30.5-க்கு அடக்கி, முன் டிஸ்க்கைப் பிடுங்கி டிரம்மை மாட்டிக் கொடுத்தார்கள். அப்படியும் மைலேஜ் இல்லை என்று ஊரே திட்டியது. அதில்தான் செங்குன்றம் தாண்டிச் சோழவரம் போனோம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி நடந்த ரேஸை வெயிலில் நின்று பார்த்தோம். திரும்பி வரும்போது நீ ஒரு லாரியை ஓவர்டேக் செய்தவிதம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகு நாம் இருவருமே போகவில்லை. கல்யாணம், பிள்ளை, வேலை.

ஹோட்டல்காரர் வரவேற்பறையில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார் என்று எழுதியிருக்கிறாய். விலையும் நல்ல விலைதான், மறுக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே 1920-களின் வண்டியைக்கூடப் புகையக் கிளப்பி ஓட்டி, மழையில் வழுக்கி விழுந்து, வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி மறுபடி ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கெட்ட பழக்கமாகிவிட்டது. ஓட்டுகிற பையன் எவனாவது வந்தால் பாதி விலைக்குக் கொடு. இல்லையென்றால் நீயே எடு. முழங்கால் வலி என்றெல்லாம் சொல்லாதே, எனக்கும்தான் வலிக்கிறது.

ஆனால் ஒன்று. பதினைந்து வருஷம் நின்ற வண்டி. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், அது பெரிய விஷயமில்லை. கிராங்க் சீல்தான் பயம், கிராங்க் தண்டின் இரு முனையிலும் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப்புகை விடும், தெரிந்துவிடும். இடப்பக்கம், மேக்னெட் பக்கத்து சீல் காய்ந்துவிட்டால் சத்தமில்லாமல் வெளிக்காற்றை உறிஞ்சும். காற்று கூடினால் பெட்ரோல் குறைந்த மாதிரிதான். பிறகு எனக்கு நடந்ததே உனக்கும் நடக்கும், அண்ணா சாலையில், பின்னால் மாநகரப் பேருந்தோடு.

அதனால் முதலில் பிளக்குகளைக் கழற்றி, துவாரத்தில் ஆயிலை விட்டு, ஒரு ராத்திரி ஊற விடு. நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டு. பிஸ்டன் அசைந்தால் பிளக்கை மாட்டு. எக்ஸாஸ்ட் பக்கத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் ரப்பர் வைத்து அடை. பி.பி. பார்க்கும் கைப்பம்பு உன் வீட்டில் இருக்குமே, அதில் ஆறு பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஏற்று, மீட்டரில் 300-ஐ ஒட்டி வரும். ஆறு நிமிஷம் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார். இறங்கினால் சோப்புத்தண்ணீர் தடவிப் பார், எங்கே குமிழ் வருகிறதோ அங்கேதான் கோளாறு.

விற்பதும் வைத்துக்கொள்வதும் பிறகு பேசிக்கொள்ளலாம். முள் எவ்வளவு இறங்கியது என்று மட்டும் உடனே எழுது.

உன் மச்சான்

பி.கு.: அதுவரை கிக்கர் மேல் காலை வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.