பூட்டிக்கிடக்குற வளவும் ஸ்பானிஷ் கிளாஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெளிநாட்டுப் படிப்பு பத்தி நீங்க போட்ட பக்கத்துல கனடா, ஜெர்மனின்னு எல்லாம் வந்துச்சு, ஸ்பெயின் மட்டும் வரல. நான் தேவகோட்டைப் பொண்ணு, சலமாங்காவுல மூணு மாசம் ஸ்பானிஷ் படிச்சுட்டு வந்தேன், அதான் எழுதுறேன்.

1218லேர்ந்து யூனிவர்சிட்டி இருக்குற ஊரு அது. ஸ்பானிஷ் மொழிக்கு முதல் இலக்கணம் அச்சானது 1492ல அங்கதான்னு கிளாஸ்ல பெருமையா சொன்னாங்க, நான் தொல்காப்பியத்த நெனச்சு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். கட்டடம் பூரா ஒரே மாதிரி மணற்கல்லு, சாயங்கால வெயில் பட்டா நாட்டுச்சர்க்கரை நிறத்துக்கு வந்துரும். யூனிவர்சிட்டி முகப்புச் செதுக்கல்ல ஒரு மண்டையோட்டு மேல குட்டித் தவளை உக்காந்திருக்கும், அத யாரும் காட்டாம நாமளே கண்டுபிடிச்சா பாஸாயிடுவோமாம். எனக்கு கூட வந்தவ காட்டிக்குடுத்துட்டா, போச்சு.

ஆனா மொழி வந்தது கிளாஸ்ல இல்ல சார். ஏஜென்ட் ஒருத்தர் "நம்ம பசங்களோட ஃபிளாட்ல தங்கிக்கம்மா, சோத்துக்குக் கவலையில்ல"ன்னு சேத்து விட்டாரு, ஒரு மாசம் இங்கிலீஷும் தமிழும்தான் பேசுனேன். அப்பறம் சண்டை போட்டு ஒரு பெரியம்மா வீட்டுக்கு மாறினேன், மதியச் சாப்பாடே ரெண்டரைக்கு, ராத்திரிக்கு ஒம்பதரை, பசி உயிர் போகும், ஆனா சமையக்கட்டுல நின்னு அவங்க உருளைக்கெழங்கு ஆம்லெட்ட திருப்பிப் போடுறப்பதான் எனக்கு வாயே தொறந்துச்சு. 'பெரோ'ன்னா ஆனா, 'பெர்ரோ'ன்னா நாய். நாம கரி, கறின்னு ரெண்டு எழுத்து வச்சுக்கிட்டு ஒரே மாதிரிதான பேசுறோம், அதே பழக்கத்துல "நல்லாருக்கு, நாய் உப்பு கம்மி"ன்னு சொல்லிட்டேன், அந்தம்மா கரண்டியக் கீழ வச்சுட்டு சிரிச்சாங்க. மரியாதைக்கு 'உஸ்தெத்', ஒட்டுனவங்களுக்கு 'தூ', இது இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் கஷ்டம், நமக்கு நீங்க, நீ அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ஊரோட பழைய பகுதி 1988லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிருச்சு, நம்ம செட்டிநாட்டு ஊருங்க 2014லேர்ந்து உத்தேசப் பட்டியல்லயே நிக்குது. அதக்கூட விடுங்க, அவங்க பழைய ஊர வேடிக்கை மட்டும் காட்டல, மொழியச் சொல்லிக்குடுத்து மாசக்கணக்குல ஆள உக்கார வைக்கிறாங்க. இங்க வெள்ளக்காரங்க வந்து ரெண்டு நாள் தங்குறாங்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் வாங்கி, ஆத்தங்குடி பூப்போட்ட தரைக்கல்ல போட்டோ எடுத்து, மெஸ்ஸுல கோழி சாப்ட்டுப் போயிடுறாங்க, சிலருக்கு வணக்கம்கூட வாய்ல வரல. தமிழ்த்தாய்க்குக் கோயிலே கட்டி வச்சிருக்குற ஊரு சார் காரைக்குடி! அழகப்பா பல்கலைக்கழகமும் பக்கத்துலயே இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு ரெண்டு மாசப் பேச்சுத்தமிழ் கோர்ஸ் ஒண்ணு, தங்குறதுக்கு ஊர்க்காரங்க வீடு, இதச் சுற்றுலாத்துறையும் பல்கலைக்கழகமும் சேந்து ஆரம்பிக்கலாமே. வருஷத்துக்கு ஒருதடவ பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் தொறக்குற வளவு, அதான் எங்க பக்கத்துப் பெரிய வீடு, எத்தனை கெடக்கு.

எங்க வீட்லயே முகப்பும் ரெண்டு உள்வீடும் சும்மா இருக்கு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாம அப்பத்தா மட்டும் இருக்காக. கேட்டுப் பாத்தேன். "வரட்டும், செருப்ப வெளிய விட்டுட்டு வரச்சொல்லு"ன்னாக.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை